போலோ ஜி.டி.க்கு எந்த அளவு டயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், 2014ஆம் ஆண்டைச் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரை இரண்டாம் கையாக வாங்கி இரண்டு மாதம் ஓட்டிய பின், 2023 ஆகஸ்டில் மூன்று குறைகளோடு என்னிடம் வந்தார். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியபடி வேகத்தடையில் ஏறினால் முன்பக்கத்தில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. விற்றவர் புகழ்ந்த அளவுக்கு வண்டியில் பிக்கப் இல்லை. ஈரச் சாலையில் பிரேக்கை மிதித்தால், இன்னும் பிடிப்பு இருக்கிறது என்று தோன்றும் கட்டத்திலேயே ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) துடிக்கத் தொடங்கியது. சஸ்பென்ஷன் புஷ், டர்போ, பிரேக் என்று மூன்று குறைகளுக்கும் தனித்தனிக் காரணம் தேடி மூன்று இடங்களில் காட்டியும்விட்டார். டயரின் பக்கச்சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படித்தவர் எவரும் இல்லை.

முன்சக்கரங்களில் 205/60 ஆர்15 அளவும், பின்சக்கரங்களில் 185/60 ஆர்15 அளவும் மாட்டப்பட்டிருந்தன. இந்த காருக்குத் தொழிற்சாலை கொடுத்த அளவு நான்கு சக்கரங்களுக்கும் 185/60 ஆர்15தான். ரிம் 6ஜே, அதாவது 6 அங்குல அகலமுள்ள 15 அங்குல அலாய். முந்தைய உரிமையாளர் முன் டயர்கள் தேய்ந்தவுடன், "கொஞ்சம் அகலமாகப் போட்டால் பிடிப்பு கூடும்" என்ற பேச்சை நம்பி முன்னால் மட்டும் அளவை ஏற்றியிருக்கிறார். முன் டயர்களில் பட்டன் (தரையில் படியும் வரிகளின் ஆழம்) ஏறத்தாழ முழுதாக இருந்ததால் நண்பர் அவற்றைப் புதியவை என்றே எண்ணியிருந்தார். பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் 1518. அதாவது 2018ஆம் ஆண்டின் 15ஆவது வாரம். ஐந்து வயது கடந்த ரப்பர் அது. பின் டயர்களில் பட்டன் 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தது. சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. என்பதால் அவை இன்னும் செல்லுபடியானவையே, ஆனால் மழைக்காலத்தை நம்பி ஒப்படைக்கத்தக்கவை அல்ல.

இனி கணக்குக்கு வருவோம், ஏனெனில் மேற்சொன்ன மூன்று குறைகளும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை. 185/60 ஆர்15 என்பதில் 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஆகவே பக்கச்சுவர் 111 மி.மீ.; ரிம் 381 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 603 மி.மீ. இதே முறையில் 205/60 ஆர்15 டயரின் விட்டம் 627 மி.மீ. வருகிறது. இது 4 விழுக்காடு கூடுதல். பெயரில் 60 என்பது மாறாததால் உயரமும் மாறாது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அது விழுக்காடு. அகலம் கூடினால் உயரமும் கூடவே கூடும். டயர் வாங்குவோரை இந்த ஓர் எண் ஏமாற்றும் அளவுக்கு வேறெதுவும் ஏமாற்றுவதில்லை என்பது என் அனுபவம்.

உரசல் இதிலிருந்து நேராக விளங்குகிறது. விட்டம் 24 மி.மீ. கூடியதால் ஆரம் 12 மி.மீ. கூடிற்று, டயருக்கும் ஃபெண்டரின் உள் பிளாஸ்டிக் உறைக்கும் இடையிலிருந்த இடைவெளியில் அந்த 12 மி.மீ. பறிபோயிற்று. நேராக ஓடும்போது அதனால் தொல்லையில்லை. சக்கரம் முழுதாகத் திரும்பி, ஸ்பிரிங்கும் அமுங்கும் அந்த ஒரு நிலையில் மட்டுமே டயரின் தோள் உறையைத் தொட்டது. ஜாக்கியில் தூக்கிப் பார்த்தபோது உறையின் பின்விளிம்பில் பளபளப்பாகத் தேய்ந்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

பிக்கப் குறைந்ததும் அதே 4 விழுக்காட்டின் வேலைதான். டயர் பெரிதானால் கியர் விகிதம் நீண்டதற்குச் சமம், 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் தரும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, தரையைத் தள்ளும்போது 168 நியூட்டன் மீட்டர் எஞ்சின் தரும் தள்ளலாகச் சுருங்கிவிடும். 105 குதிரைத்திறன் கொண்ட சிறு காரில் இது கையில் தெரியக்கூடிய இழப்பு. அதைவிட எனக்குக் கவலையளித்தது கியர்பாக்ஸ். இந்த காரில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சுகள் இரண்டைக் கொண்ட ஏழு கியர் டி.எஸ்.ஜி. என்னும் தானியங்கி கியர்பாக்ஸ்; நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடாவது அதன் அறியப்பட்ட பலவீனம். அப்படிப்பட்ட கிளட்சின் மீது, ஒவ்வொரு முறை நகரத் தொடங்கும்போதும் 4 விழுக்காடு கூடுதல் சுமையை ஏற்றுவது எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத செயல். டயர்க் கடையில் யாரும் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தச் செலவு வேறொரு கடையில் வேறொரு நாளில் வருகிறது.

ஏ.பி.எஸ். விவகாரம் சற்று நுட்பமானது. பின் டயர்கள் தேய்ந்திருந்ததால் (ரப்பர் 5 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 10 மி.மீ. குறையும்) அவற்றின் விட்டம் 603 இல்லை, ஏறத்தாழ 593 மி.மீ. என்று கொள்ள வேண்டும். முன்னே 627, பின்னே 593 என்றால் வேறுபாடு 5.7 விழுக்காடு. கார் நேராக, சீரான வேகத்தில் போகும்போதும் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட ஏறத்தாழ அந்த அளவு மெதுவாகச் சுழலும். சக்கர வேகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே சறுக்கலைக் கண்டறியும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, முன்சக்கரங்கள் எப்போதும் சிறிது பிரேக் பிடிக்கப்பட்டுச் சறுக்கிக்கொண்டே வருவதுபோல் இது தோற்றமளிக்கும். இப்படிப்பட்ட வேறுபாட்டை ஓரளவுக்கு அந்தப் பெட்டி தானே ஈடுசெய்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் டயரின் பிடிப்பு உச்சத்தை எட்டுவது பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு சறுக்கலில் என்னும்போது, அதில் கணிசமான பங்கை அளவுப் பிழையே தின்றுவிட்டால் எஞ்சுவது குறைவே. ஏ.பி.எஸ். முந்திக்கொண்டதில் வியப்பில்லை. இதே காரில் வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் இ.எஸ்.பி.யும் உண்டு, அதுவும் இதே எண்களை நம்பித்தான் இயங்குகிறது.

நோய் தெரிந்துவிட்டதால், நான்கு டயர்களையும் மாற்றுவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த அளவு என்பதில்தான் பேச்சு நீண்டது.

பழைய அளவான 185/60 ஆர்15க்கே திரும்பிவிடுவதுதான் முதலில் எழுந்த யோசனை. பிழையே வராத வழி அது. யாராவது என்னிடம் இரண்டு நிமிடத்தில் பதில் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த அளவு பெரும்பாலும் குடும்பக் கார்களுக்கான அளவு. அதில் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டயர்கள் நீண்ட ஆயுளையும் எரிபொருள் சிக்கனத்தையும் முன்னிறுத்திச் செய்யப்பட்டவை, கடினமான ரப்பர். நண்பர் வாரம் ஒரு முறையாவது மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு ஏறுபவர், அதுவும் மழை பார்க்காமல் ஏறுபவர். அவருக்கு வேண்டியது அகலம் அன்று, ஈரத்தில் பிடிக்கும் ரப்பர். டயரின் ரப்பர்க் கலவை பிடிப்பில் உண்டாக்கும் வேறுபாட்டோடு ஒப்பிட்டால், 10 மி.மீ. அகலம் உண்டாக்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஆனாலும் நல்ல கலவை எந்த அளவுகளில் விற்பனைக்கு வருகிறதோ அந்த அளவுகளை நோக்கித்தான் நாம் நகர வேண்டியிருக்கிறது. அளவை மாற்றுவதற்கு நான் ஒப்புக்கொண்ட ஒரே காரணம் இதுதான்.

அகலத்தைப் பற்றிய மயக்கத்தை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முன்சக்கரம் ஒன்றின் மீது 300 கிலோ சுமை இருக்கிறது, காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டால், அந்தச் சுமையைத் தாங்கத் தரையில் படிய வேண்டிய பரப்பு ஏறத்தாழ 133 சதுர சென்டிமீட்டர். அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடுவதில்லை. சுமையும் அழுத்தமும் மாறாதவரை பரப்பும் அதே அளவில்தான் இருக்கும், வடிவம் மட்டும் அகலத்தில் கூடி நீளத்தில் குறைகிறது. வளைவில் திரும்பும்போது அந்த அகன்ற வடிவம் உதவும் என்பது மெய்யே. தேங்கிய நீரில் அதே வடிவம் கூடுதல் நீரைத் தள்ளவேண்டி வந்து, டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் குறைத்துவிடும். மேலும் பக்கச்சுவரில் அச்சிட்ட அகலம், அந்த அளவுக்கென வரையறுக்கப்பட்ட ஒரு ரிம்மில் அளந்தது. 185/60க்கு அது 5.5ஜே ரிம், 195/60க்கு 6ஜே ரிம். ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும். போலோவின் 6ஜே ரிம்மில் 185 டயர் ஏற்கெனவே சற்று இழுத்துக் கட்டப்பட்டே உட்கார்ந்திருக்கிறது. ஆதலால் 185இலிருந்து 195க்குப் போகும்போது பெயரளவில் 10 மி.மீ. கூடினாலும், வண்டியில் கூடுவது ஏறத்தாழ அதில் பாதியே.

கணக்கின்படி மிக அழகாக வந்தது 205/55 ஆர்15. விட்டம் 606.5 மி.மீ.; பழையதைவிட 0.6 விழுக்காடு மட்டுமே கூடுதல். 6ஜே ரிம் அதற்கு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் வருகிறது. கியர் விகிதம், ஸ்பீடோமீட்டர், சக்கர வளைவின் (டயரைச் சுற்றியுள்ள ஃபெண்டரின் உட்புறத்தின்) இடைவெளி எதுவும் கெடாது. ஒரு வாரம் தேடினோம். கிடைத்தது ஒரே ஒரு இணை, அதுவும் மூன்றாண்டு கிடங்கில் கிடந்தது. 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டு உரிமம் தேவைப்படும் நிலை வந்தபின், உள்நாட்டில் எந்த காருக்கும் மொத்தமாகத் தேவைப்படாத இத்தகைய அளவுகள் அரிதாகிவிட்டன. நாளை ஒரு டயர் கிழிந்தால் மாற்றுக்கு எங்கே போவது என்பதும் டயர் அளவுத் தேர்வின் ஒரு பகுதியே. நான்கு டயர்களும் ஒரே மாதிரி இல்லாமல் ஓடும் நிலைக்கு இந்த கார் ஒருமுறை வந்து மீண்டது போதும் என்று அந்த அளவைக் கைவிட்டோம். 195/55 ஆர்15 அளவு விட்டத்தை 595.5 மி.மீ.க்குக் குறைத்து வண்டியை மேலும் தாழ்த்தும் என்பதால், கோவையின் வேகத்தடைகளை அறிந்த எவரும் அதைப் பற்றி அதிகம் யோசிக்க மாட்டார்கள்.

நண்பரின் மனம் உண்மையில் 16 அங்குல அலாயில் இருந்தது. அதை வெறும் ஆசை என்று தள்ளிவிடவும் முடியாது. பிற்காலத்துப் போலோ ஜி.டி. கார்களுக்கு ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே 16 அங்குல ரிம்மில் 195/55 டயரைக் கொடுத்தது. அதன் விட்டம் 620.9 மி.மீ.; 15 அங்குல மூல அளவைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுதல். பக்கச்சுவர் 107 மி.மீ. என்பதால் பள்ளங்களில் ரிம் வளைந்துபோகும் அச்சமும் பெரிதாக இல்லை. ஆனால் ரிம் மாறும்போது கேள்விகள் பெருகுகின்றன. இந்த காரின் போல்ட் துளைகள் 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து, நடுத்துளை 57.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். சரியான வளையம் போடாவிட்டால் சக்கரம் ஹப்பின் மீது உட்காராமல் போல்ட்டுகளில் தொங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் அதிர்வு போகாது. நிறுவன ரிம்களின் போல்ட் அமரும் இடம் உருண்டை வடிவம். வெளிச்சந்தை ரிம்களில் அது பெரும்பாலும் கூம்பு வடிவம். பழைய போல்ட்டையே போட்டு முறுக்கினால் இறுகியதுபோல் தோன்றும், ஆனால் இரண்டு உலோகங்களும் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே. ரிம்மின் உள்வாங்கு தூரம் (ஆஃப்செட்) மாறினால் டயர் வெளியே துருத்தும் அல்லது உள்ளே சஸ்பென்ஷனை நெருங்கும். இவையெல்லாம் தீர்க்கக்கூடியவையே. ஆனால் சுழலும் எடை கூடுவது தீர்க்கக்கூடியதன்று, நான்கு ரிம்களின் விலையும் அப்படியே. அந்தப் பணத்தை ரப்பரில் போடுவது மேல் என்று நான் வாதிட்டேன். அவர் முழுமனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

எஞ்சியது 195/60 ஆர்15. விட்டம் 615 மி.மீ., கூடுதல் 2 விழுக்காடு. இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அந்த 615 என்ற எண் விழும் இடம். தொழிற்சாலையே கொடுத்த 603க்கும், அதே உடலமைப்புக்குப் பின்னர் தொழிற்சாலையே கொடுத்த 620.9க்கும் இடையில் அது விழுகிறது. அகலமும் தொழிற்சாலை பயன்படுத்திய 195ஐத் தாண்டவில்லை. ஆகவே சக்கர வளைவுக்குள் இது உரசுமா என்ற கேள்வியை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. 6ஜே ரிம் இந்த அளவின் வரையறை ரிம்மே. 175 நியூட்டன் மீட்டர் என்பது 171.6க்குச் சமமாகிறது, 168ஐவிட நன்று. தரை இடைவெளி 6 மி.மீ. கூடுகிறது. நல்ல ஈரப்பிடிப்புள்ள டயர்கள் இந்த அளவில் கிடைத்தன; கிடைத்தவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட தயாரிப்புத் தேதியும் உள்ளவற்றையே எடுத்தோம்.

சுமைக் குறியீடு பற்றி ஒரு சொல். மூல டயரில் 84 ஹெச் என்றிருந்தது. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ வரை தாங்கும், ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. புதிய டயரின் குறி 88 வி: 560 கிலோ, 240 கிலோமீட்டர். இரண்டிலும் மூலத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. மேலே போவதில் தடையில்லை. ஒரு கடையில் எங்களுக்குக் காட்டிய 185/60 டயரிலும் 88 என்றே இருந்தது, ஆனால் அது எக்ஸ்.எல்., அதாவது கூடுதல் சுமைக்கான வகை. அவ்வகை டயர் அந்த 560 கிலோவைத் தாங்க 42 பி.எஸ்.ஐ. வரை காற்று கேட்கும். சாதாரண வகை 36இலேயே தன் முழுச் சுமையைத் தாங்கிவிடும். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு அதே காற்றை நிரப்புவது தவறு.

மாட்டிய அன்று அலைன்மெண்டும் பேலன்சிங்கும் செய்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினோம். கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியதைத் தளர்த்த ஆள் ஏறி நிற்க வேண்டியிருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பின்னிருக்கையில் மூவரை உட்காரவைத்து அதே வேகத்தடையில் ஏறினோம், உரசல் இல்லை. ஸ்பீடோமீட்டர் 100 காட்டியபோது ஜி.பி.எஸ். 97 காட்டியது. மூல டயரில் இது 95 என்று இருந்திருக்கும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது சர்வதேச விதி. நிறுவனங்கள் அதனாலேயே சற்றுக் கூட்டிக் காட்டும்படி அமைக்கின்றன. அந்த இடைவெளிக்குள் இந்த 2 விழுக்காடு அடங்கிவிட்டது. 205/60ஐ நான்கு சக்கரத்திலும் போட்டிருந்தால் 99ஐத் தொட்டிருக்கும். இனி ஓடோமீட்டர் 10,000 கிலோமீட்டர் காட்டும்போது கார் உண்மையில் 10,200 ஓடியிருக்கும் என்பதால், மைலேஜ் குறைந்துவிட்டது என்று நண்பர் முதல் மாதம் செய்த முறையீட்டில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. மறுபகுதி உண்மை: ஈரத்தில் பிடிக்கும் ரப்பர் சற்று எரிபொருளைக் கேட்கத்தான் செய்யும்.

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. பக்கச்சுவர் 111இலிருந்து 117 மி.மீ. ஆனதால், ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் மூக்கு திரும்பும் அந்த முதல் கணத்தின் கூர்மை சிறிது மழுங்கியது. கோத்தகிரி மலைப்பாதையின் இறுக்கமான வளைவுகளில் அவரே இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். காற்றழுத்தத்தை 32இலிருந்து 34க்கு உயர்த்தியபின் பெரும்பாலும் சரியாயிற்று, முழுவதும் சரியாகவில்லை. ஆனால் அதே பாதையில் மழையில் இறங்கியபோது, ஏ.பி.எஸ். துடிக்க வேண்டிய இடத்தில் மட்டுமே துடித்தது.

ஸ்டெப்னி இன்னும் 185/60ஆகவே இருக்கிறது. இது முன்சக்கர இயக்க வண்டி என்பதால், முன் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை நேரே முன்னால் மாட்டக் கூடாது. இரு முன்சக்கரங்களின் விட்டமும் வேறுபட்டால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓய்வின்றி ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, மெதுவாக அருகிலுள்ள பஞ்சர் கடைக்குப் போக வேண்டும். சாலையோரத்தில் இரண்டு முறை ஜாக்கி போடுவது யாருக்கும் பிடிக்காது என்பதால், அடுத்த மாதம் அதையும் 195/60க்கு மாற்றிவிடுவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். எரிபொருள் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த நிறுவனத்தின் காற்றழுத்த ஸ்டிக்கருக்குக் கீழே, புதிய அளவையும் 34 பி.எஸ்.ஐ. என்பதையும் எழுதிய ஒரு சிறு துண்டை ஒட்டியாயிற்று. இந்த வண்டியை அடுத்து வாங்குபவர் அதையாவது குனிந்து படிக்கட்டும்.